சாரணர் அணி: மூடிய கதவு திறந்த வரலாறு

மாலையில் பள்ளி மணி அடித்த பின்னும் பிள்ளை வீடு திரும்பவில்லையெனில், நம் இல்லங்களில் முதலில் எழும் கேள்வி, "படிப்பை விட்டுவிட்டு அங்கே என்ன வேலை?" என்பதேயாகும். இலக்கிய மன்றம், பேச்சுப் போட்டி, சாரணர் அணி, தேசிய மாணவர் படை ஆகிய அனைத்தையும் பாடத்துக்குப் புறம்பானவை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அவற்றுள் ஒன்றாகிய சாரணர் அணியில் நம் நாட்டுச் சிறுவர்கள் இடம்பெறுவதற்கு எத்தனை தடைகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பதை அறிந்தோர், அதனை வெறும் விளையாட்டென்று எண்ணமாட்டார்கள்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். 'சாரணர்' என்பது தமிழுக்குப் புதிய சொல்லன்று. ஓரிடத்தில் தங்காது சென்று அறம் உரைக்கும் சமண முனிவரைச் சிலப்பதிகாரம் இச்சொல்லால் குறிக்கின்றது. அரபு மொழியிலோ சாரணனைக் 'கஷ்ஷாஃப்' என்பர். மூடியிருப்பதைத் திறந்து காட்டுபவன் என்பது அதன் பொருள். இமாம் ஸமக்ஷரீ தம் திருமறை விரிவுரைக்குச் சூட்டிய பெயரும் இதுவே. தமிழ்ச் சொல் நடப்பவனைச் சுட்டுகிறது. அரபுச் சொல் திறப்பவனைச் சுட்டுகிறது. எனினும் இந்தியாவில் இவ்வியக்கத்தின் கதை மூடிய கதவிலிருந்தே தொடங்குகிறது.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் பேடன் பவல் என்னும் படைத்தலைவர் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டி ஒரு பாசறை நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளின் மாணவரும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினர். மறு ஆண்டு அவர் வெளியிட்ட நூல் சாரணர்க்குரிய விதிகளை வகுத்தது. எக்குலத்தவராயினும் ஒரு சாரணன் மற்றொரு சாரணனுக்கு உடன்பிறந்தான் என்பது அவ்விதிகளுள் ஒன்று.

1909-இல் பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் அணி அமைந்தது. ஆயினும் அந்த உடன்பிறப்பு ஆங்கிலேயச் சிறுவர்க்கும் ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்க்கும் மட்டுமே உரியதாயிற்று. இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. காரணம் யாது? அணியாக நடக்கவும், வழியறியவும், தலைமை ஏற்கவும் பயின்ற இந்திய இளைஞர் நாளை ஆட்சியையே எதிர்த்து நிற்பர் என்ற அச்சம் ஆள்வோரிடையே இருந்தது. நாம் விளையாட்டென்று தள்ளியதன் வலிமையை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்!

கதவு திறக்கவில்லையெனில் வேறு வீடு கட்டுவதே வழி. 1916-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையுடன் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சிறுவர்கள் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். தன்னாட்சி கோரியதற்காக அம்மையாரும் அருண்டேலும் 1917-இல் உதகையில் காவலில் வைக்கப்பட்டனர் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். வடக்கே மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரூ, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் 1918-இல் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர்.

1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தார். இந்தியச் சிறுவர்க்குத் தடை நீங்கியது. பெசன்ட் அம்மையாரின் சங்கம் அவருடைய அமைப்போடு இணைந்தது. சேவா சமிதியோ தனித்தே நின்றது. 1937-இல் அவர் மீண்டும் வந்தபோது, இந்தியரின் ஒழுக்கத்தைக் குறைத்துக் கூறினார். அச்சொற்கள் பலர் நெஞ்சைப் புண்படுத்தின. அதன் விளைவாக 1938-இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது.

விடுதலைக்குப் பின் பிரிந்து கிடந்த சங்கங்களை ஒன்றாக்கும் பணியில் முன்னின்றவர்களுள் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் ஒருவர். 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. 1951 ஆகஸ்டு 15-இல் சாரணியரும் அதில் இணைந்தனர். மக்காவில் பிறந்து, தந்தையிடமும் வீட்டு ஆசிரியர்களிடமும் அரபும் பாரசீகமும் பயின்றவர் மௌலானா. எந்த உயர்நிலைப் பள்ளியின் வகுப்பிலும் அவர் அமர்ந்ததில்லை. எனினும் பள்ளி மைதானத்தில் நம் பிள்ளைகள் ஓரணியாய் நிற்பதில் அவருக்கும் பங்குண்டு. இஃது எண்ணி மகிழத்தக்கதன்றோ?

வரலாறு இத்துடன் முடிந்ததா? நான் அரபு கற்பித்த ஒரு பள்ளியில் சாரணர் பயிற்சி நடக்கும் மாலைகளில் ஒரு சிறுவன் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பான். "நீ ஏன் சேரவில்லை?" என்று ஒருநாள் கேட்டேன். "சீருடை வாங்க வாப்பாவிடம் காசு இல்லை, ஹஜரத்" என்றான். கேட்ட நான் தொழுகைக்கு நேரமாகிறதென்று நகர்ந்துவிட்டேன். ஒரு காக்கிச் சட்டையின் விலை எனக்கு எட்டாததன்று. அவ்வாண்டு முழுவதும் அவன் மரத்தடியிலேயே நின்றான். அந்த உறுத்தல் இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை.

அன்று நிறம் மூடிய கதவை இன்று வறுமை மூடுகிறது. சில வீடுகளில் பெற்றோரின் அலட்சியமே மூடிவிடுகிறது. பிள்ளை மாலையில் தாமதமாக வந்தால் கோபிக்குமுன், அவன் அங்கே என்ன கற்றான் என்று கேளுங்கள். முதலுதவிக் கட்டுப் போடவும், தன்னினும் சிறியவனை அழைத்துச் செல்லவும், பிற சமயத்துத் தோழனோடு ஒரே கூடாரத்தில் உறங்கவும் அவன் கற்றிருக்கக்கூடும். அவனுக்கு ஒரு சீருடை வாங்கும்போது, மரத்தடியில் நிற்பவனுக்கும் ஒன்று வாங்க இயலுமா என்று எண்ணிப் பாருங்கள்.