பூச்சிக்குப் பூச்சியே பகை

திரிங்காப் மேட்டுச் சாலையில் நின்று கீழே நோக்குவோர்க்கு, இந்நாளில் தேயிலையின் பசுமைக்கு முன்னதாகக் கண்ணிற் படுவது பிளாஸ்டிக் கூரை வேய்ந்த காய்கறித் தோட்டங்களின் வெண்மையே. அங்கே பாத்திகளுக்கிடையே முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து செல்லும் தொழிலாளியைக் காணாத நாள் அரிது. சில மாதங்களுக்கு முன், அவ்வேலையிலேயே நெடுங்காலம் கழித்த பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "தம்பி, அந்தக் காலத்தில் ஒரு தடவை அடித்தால் கோசுப்புழு செத்தது. பிறகு எத்தனை தடவை அடித்தும் சாகவில்லை. மருந்தில் கலப்படமா, மண்ணில் கோளாறா?" அருகிலிருந்தோருள் ஒருவர் கலிகாலம் என்றார், மற்றொருவர் கண்ணேறு என்றார். உண்மையான காரணம் வேறு என்பதை அன்று நாம் அவருக்குச் செவ்வனே எடுத்துரைக்கக் கூடவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இதனை எழுதத் துணிந்தோம்.

பூச்சி என்றாலே பயிருக்குப் பகை என்று கொள்வது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். நம் பாட்டன்மார் விட்டு வந்த தமிழ்நாட்டில் சப்பாத்திக்கள்ளி மண்டி, உழுநிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கிக் கிடந்த காலம் ஒன்றுண்டு. 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொண்டு சென்ற ஒரு சிறு பூச்சி, மாவு பூசினாற்போன்ற வெள்ளுடல் படைத்தது, அக்கள்ளியின் சாற்றை உறிஞ்சி உறிஞ்சியே அதனை மாய்த்தது. மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை.

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு நமக்கு இன்னும் அணுக்கமானது. அங்கே கொழுந்தெடுத்தவர்களும் நம்மவர்களே அல்லவா? அத்தோட்டங்களை இலைச்சுருட்டுப் புழு என்பது வெகுவாக வாட்டியது. அது தேயிலையின் இளம் இலைகளை நூலிழையால் ஒட்டி, அதனுள் குடியிருந்து தின்னும். 1925இல் நிறுவப்பெற்றுப் பின்னர் தலவாக்கலையில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார், 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாத் தீவிலிருந்து மாக்ரோசென்ட்ரஸ் என்னும் குளவியைத் தருவித்துத் தோட்டங்களில் விட்டனர். குளவி என்றதும் கூடு கட்டிக் கொட்டும் குளவியை நினைத்தல் வேண்டா. இஃது எவரையும் கொட்டாத மெல்லிய சிறு பூச்சி. புழுவின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையினின்று பிறந்த குஞ்சு புழுவையே உணவாகக் கொண்டு வளரும். இவ்வாறு இலைச்சுருட்டுப் புழு பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது.

பின்னர் வந்தது விஷ மருந்துகளின் காலம். டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலுடையது என்பதை 1939இல் கண்டறிந்த சுவிட்சர்லாந்து நாட்டு பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியாவையும் டைபஸையும் ஒடுக்க அது செய்த உதவியை மறுப்பது நன்றிகேடு. ஆயினும், வீட்டுச் சுவரில் தெளிப்பது வேறு. மலை மலையாகப் பயிர்மேல் பொழிவது வேறு. இலங்கைத் தேயிலையில் துளைவண்டு என்று ஒன்றுண்டு. அது கிளையைத் துளைத்து, உள்ளே பூஞ்சணம் வளர்த்து, அதனைத் தின்று வாழ்வது. (பயிர்த்தொழில் மனிதனுக்கே உரியது என்று இறுமாந்திருப்போர் இதனைக் கவனிக்க.) இவ்வண்டை ஒழிக்க 1950களின் பிற்பகுதியில் டீல்ட்ரின் என்னும் மருந்தைத் தெளித்தனர். வண்டு குறைந்தது உண்மைதான். ஆனால் அம்மருந்து மாக்ரோசென்ட்ரஸ் குளவியையும் கொன்றது. இலைச்சுருட்டுப் புழுவை ஒடுக்கவோ அதனால் முடியவில்லை. காவலன் மாண்டான், கள்வன் பிழைத்தான்! இருபதாண்டுக்கு மேல் அடங்கியிருந்த புழு மீண்டும் திரளாகக் கிளம்பிற்று. அதுவரை பொருட்படுத்தப்படாத சுள்ளிப்புழு என்பதும் பெருகியது. அதற்கும் டீல்ட்ரினே காரணம் என்பதை தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை ஆகிய இரு அறிஞர்கள் 1969இல் ஆராய்ந்து வெளியிட்டனர்.

இனி நம் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இம்மலையில், 1929இல் ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காய்கறிப் பயிரும் பெருகியது. இங்கே பனிக்காலம் என்று ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் கோசு விளையும். மனிதனுக்கு எது வாய்ப்போ அதுவே வைரமுதுகு அந்துப்பூச்சிக்கும் வாய்ப்பு. இறகை மடித்து அமர்ந்தால் முதுகில் வைர வடிவம் தோன்றும் அச்சிறு பூச்சியின் புழுவே பெரியவர் கேட்ட கோசுப்புழு. மூன்று நான்கு வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்து மறு தலைமுறை பிறந்துவிடும்; உணவு ஒருநாளும் அற்றுப்போவதில்லை.

பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு வயலிலுள்ள புழுக்கள் எல்லாம் ஒரே உடல்வாகு உடையன அல்ல. விஷத்தைத் தாங்கும் தன்மை பிறவியிலேயே அமைந்தவை சில இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்று, அச்சிலவற்றை மட்டும் விட்டுவைக்கிறது. அடுத்த தலைமுறைக்குத் தாய் தந்தையர் அவையே. ஆகவே, ஒவ்வொரு முறை மருந்தடிக்கும்போதும் நாமே வலியவற்றைப் பொறுக்கி எடுத்து வளர்க்கிறோம். 1951இல் ஜாவாவின் லெம்பாங் என்னுமிடத்தில் இவ்வந்துப்பூச்சி டி.டி.டி.க்கு அஞ்சாததாகிவிட்டமை தெரியவந்தது. இங்கே 1957இல் ஹெண்டர்சன் என்பவர் கேமரன் மலைக் கோசுக்கு ஏற்ற மருந்தைத் தேடிச் செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார். 1978இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, இம்மலையிலிருந்து பிடித்துச் சென்ற பூச்சிகள் மருந்துகளை எதிர்த்து நிற்பதைக் காட்டிற்று. ஒரு மருந்து தோற்க, மற்றொன்று. அதுவும் தோற்க, இரண்டையும் கலந்து. பம்பைச் சுமந்தவனின் நுரையீரலுக்கோ மாற்று நுரையீரல் இல்லை.

இதற்கிடையில் வேறொரு பயணம் நடந்துகொண்டிருந்தது. டயடெக்மா என்னும் சிறு குளவி 1936இல் இங்கிலாந்திலிருந்து நியூஜிலாந்துக்கும், அங்கிருந்து 1950இல் ஜாவாவுக்கும் கொண்டு செல்லப்பட்டது. 1975 முதல் 1977 வரை அதனை நம் கேமரன் மலையிலும் கொணர்ந்து விட்டனர். இப்பணியை ஆராய்ந்து எழுதியவர்களுள் லிம் குவான் சூன், பீட்டர் ஊய் ஆகியோரை நாம் அறிந்திருத்தல் தகும். குளிர்ந்த மேட்டு நிலம் அக்குளவிக்கு ஒத்துக்கொண்டது. புழு கூடு கட்டும். ஆனால் கூட்டிலிருந்து வெளிவருவது அந்துப்பூச்சி அன்று, குளவி! எனினும் எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தை அடித்த வயல்களில் குளவியால் தலையெடுக்க முடியவில்லை. புழுவைத் தாக்கிக் குளவியை விட்டுவிடும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்தைக் கையாண்ட இடங்களில்தான் அதன் உழைப்பு விளங்கிற்று. அந்த நல்ல மருந்தையும் அளவின்றி அடித்தால் என்னாகும் என்பதும் தெரிந்துவிட்டது: 1996இல் வெளிவந்த ஆராய்ச்சி, மலேசிய வயல்களிலுள்ள இப்புழு அதனையும் எதிர்க்கத் தொடங்கியதைக் கூறுகிறது.

இலங்கையில் பட்ட பாட்டை இங்கே மீண்டும் பட்டோம். இவ்வாராய்ச்சிகள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஆங்கிலம் அறிந்தோரிடையே உலவின. பம்பைச் சுமந்தவனோ தமிழன், சீனன், இந்நாளில் வங்காளி. நாம் கணக்கெழுதும் கிராணி. எத்தனை லிட்டர் மருந்து போயிற்று, எத்தனை வெள்ளி செலவாயிற்று என்று எழுத நம் புத்தகத்தில் கட்டங்கள் உண்டு. எத்தனை குளவி மடிந்தது என்று எழுதக் கட்டமில்லை. ஆங்கிலம் படித்த நம் போன்றோரும் அக்கட்டங்களுக்கு வெளியே எட்டிப் பார்த்தோமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு, சென்ற மாதம் பெரியவரிடம் மீண்டும் போனோம். கோசிலையின் அடியில் ஒட்டியிருந்த ஒரு கூட்டைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு அவரிடமே விட்டு வந்தோம். சில நாட்களில் கறுத்த மெல்லிய குளவி ஒன்று அதிலிருந்து வெளிவந்தது. "இது எங்கள் வரப்பில் பறப்பதாயிற்றே! கொசு என்றல்லவா எண்ணி இருந்தேன்" என்றார். பிறகு அதற்கு என்ன தீனி என்று கேட்டார். வளர்ந்த குளவி பூந்தேனைக் குடித்தே பல வாரம் வாழும். தேன் கிடைக்காவிட்டால் சில நாட்களில் மடியும் என்றோம். அவர் புட்டியைத் திறந்து அதனைப் பறக்கவிட்டு, பாத்தியோரத்தைச் சுட்டிக் காட்டினார். புல்லுக்கு அடித்த மருந்தில் வரப்புப் பூக்கள் யாவும் கருகிக் கிடந்தன.