சக்கர பீடமும் சின்னத்திரையும்

இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கியிருக்கும் சங்கரன்கோவில், ஆடித் தபசினாலும் புற்றுமண் பிரசாதத்தினாலும் பிரசித்தி பெற்ற ஸ்தலமாயினும், திருவாவடுதுறை ஆதீனத்து வேலப்ப தேசிகர் ஸ்தாபித்தது என்று மரபு கூறும் சக்கர பீடமொன்று கோமதியம்மன் சந்நிதிக்கு எதிரே இருப்பதும், சித்தம் கலங்கியோரை அதன்மீது அமர்த்திப் பிரார்த்திக்கும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுவதும் வெளியூரார் அவ்வளவாக அறியாத சங்கதி. அழைத்தால் திரும்பாத பிள்ளையையும், ஆறு வயதாகியும் வாய் திறவாத பிள்ளையையும் பெற்றவர்களுக்கு அக்காலத்தில் வேறு போக்கிடம் ஏது? அமெரிக்க வைத்தியர் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து 1943இல் எழுதிய பின்னரே வைத்திய உலகம் ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாகக் கருதத் தொடங்கியதாதலின், அத்தாய்மாரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஏசுவது நியாயமன்று.

எனினும், பிள்ளையிடம் ஏதோ புகுந்திருக்கிறது, அது நீங்க வேண்டும் என்ற அந்த எண்ணம், கோயிலைவிட்டு வெளியேறிய பின்னும் நம்மைவிட்டு அகலவில்லை. அதை மாற்றும் வாய்ப்பு சின்னத்திரைக்கு இருந்தது. இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியின் மங்கலான பிம்பத்தைப் பார்த்துப் பழகிய தென்பாண்டிச் சீமைக்கு, எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தின் உபயத்தால் தூர்தர்ஷன் தெளிவாக வந்து சேர்ந்தது; 1993இல் சன் டிவியும் தொடர்ந்தது. 2009இல் ஜீ டிவி ‘ஆப் கி அந்தரா’ என்ற இந்தித் தொடரில் ஆட்டிசமுடைய சிறுமியொருத்தியை நாயகியாக்கியது துணிவான காரியமே. ஆனால் அது பெரியவர்களுக்கான குடும்பக் கதை. தமிழில் ஆட்டிசமுடைய பிள்ளையைக் கதையின் நடுவே நிறுத்திய பெருமை 2013இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படத்திற்கு உரியது. மனத்தைக் கரைக்கும் படம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்தப் பையன் ஓட்டப் பந்தயத்தில் ஓடிக் காட்டினால்தான் ஊர் அவனை ஏற்றுக்கொள்ளுமோ என்ற குறை எனக்கு உண்டு.

குழந்தைகளுக்கென்றே அமைந்த நிகழ்ச்சியில் இவ்விஷயம் எப்படிக் கையாளப்பட வேண்டும் என்பதற்கு, 1969 முதல் அமெரிக்காவில் நடந்துவரும் ‘செசமி ஸ்ட்ரீட்’ ஓர் உதாரணம் காட்டிற்று. 2015இல் கதைப் புத்தகத்தில் பிறந்த ஜூலியா என்னும் பொம்மைச் சிறுமி 2017 ஏப்ரலில் திரைக்கு வந்தாள். பிக் பேர்ட் என்னும் பறவைப் பொம்மை முகமன் கூற, அவள் திரும்பியும் பாராமல் ஓவியத்தில் ஆழ்ந்திருக்க, தன்னை இவளுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று அது வருந்துகிறது. அபாயச் சங்கின் ஓசை கேட்டு ஜூலியா கலங்குகிறாள். ஓடிப் பிடிக்கும் விளையாட்டில் அவள் துள்ளத் தொடங்கியதும் மற்றப் பிள்ளைகளும் உடன் துள்ள, விளையாட்டே புதிதாகிவிடுகிறது. அவளை எவரும் குணப்படுத்த முயலவில்லை என்பதே இக்காட்சியின் மேன்மை. பொம்மையை இயக்கிய ஸ்டேசி கார்டன் ஆட்டிசமுடைய மகனைப் பெற்ற தாய். ஜூலியா கைகளை உதறுவதற்கென்றே தனியாக ஒரு ஜோடிக் கைகளும் செய்யப்பட்டிருந்தன.

இதிலும் பிணக்கு எழாமலில்லை. 2019இல், பெற்றோரின் துயரத்தையே பெரிதாக்கிக் காட்டுவதாக விமர்சிக்கப்பட்ட அமைப்பொன்றின் பிரசாரத்துக்கு ஜூலியா பயன்பட்டபோது, ஆட்டிசமுடையோர் தாமே நடத்தும் சங்கம் அந்நிகழ்ச்சியுடனான உறவை முறித்துக்கொண்டது. என் அபிப்பிராயத்தில் அக்கோபம் முற்றிலும் நியாயமானதே. அவர்களுக்கே இடம் தந்த நிகழ்ச்சிகளும் உண்டு. ‘பாப்லோ’ என்ற பிரிட்டிஷ் தொடரில் ஆட்டிசமுடையோரே எழுத்திலும் குரலிலும் பங்குகொண்டனர். 2022இல் தாமஸ் ரயில் கதையில் சேர்ந்த புரூனோ என்னும் ஆட்டிசமுடைய பாத்திரத்துக்கு, அதன் பிரிட்டிஷ் பதிப்பில், ஆட்டிசமுடைய ஒன்பது வயதுச் சிறுவனே குரல் கொடுத்தான்.

நம் நாட்டுச் சட்டம் ஆட்டிசத்தை 1999லேயே பெயர் சொல்லி அங்கீகரித்துவிட்டது. இனித் திரையின் முறை: தமிழில் குழந்தைகளுக்கு நிகழ்ச்சி சமைப்போர், டப்பிங் செய்வதோடு அமையாமல், சங்கரன்கோவில் தெருவில் விளையாடும் ஆட்டிசமுடைய ஒரு பிள்ளையைக் கதைக்குள் அழைத்து, அப்பிள்ளைகளையே கேட்டு எழுதி, அவர்களையே பேசவும் வைப்பார்களாக.