முடியாத வேலைநிறுத்தம், தேதியில்லாத வேலையிழப்பு: 1982க்குப் பின் பம்பாய் ஆலைத் தொழிலாளர்

மராத்தியில் வேலைநிறுத்தத்தைச் 'சம்ப்' என்பர். முடிதல் என்னும் பொருளுடைய வினைச்சொல் 'சம்பணே'. இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா என்பதை ஆராய்வது வேறு வேலை. ஆயினும் வேலைநிறுத்தம் முடியவில்லை என்பதை மராத்தியில் சொல்ல முற்பட்டால் 'சம்ப் சம்பலா நாஹி' என்று ஒரே ஒலி இருமுறை வந்து காதில் விழும். 1982 ஜனவரி 18 அன்று பம்பாயின் பஞ்சாலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தத்தைப் பொறுத்தவரை இத்தொடர் வெறும் ஒலி விளையாட்டாக நின்றுவிடவில்லை. ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஈடுபட்ட அப்போராட்டம் முறைப்படி திரும்பப் பெறப்படவே இல்லை. அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். ஆனால் எந்த நாளில் இழந்தனர் என்று கேட்டால் அவர்களுள் மிகப் பலருக்கு விடை இராது.

அப்போராட்டத்தைப் பற்றிய எழுத்துகள் தலைமையின் பிழைகளையும் முதலாளிகளின் கணக்குகளையும் அரசின் பிடிவாதத்தையும் விரிவாகப் பேசியுள்ளன. வேலை போய்விட்டதா, அல்லது நின்றுகொண்டிருக்கிறதா என்று தெரியாத நிலையில் ஒரு குடும்பம் எப்படிச் செலவு செய்யும், எப்படிக் கடன் வாங்கும், எதை விற்கும், எதை விற்காமல் வைத்துக்கொள்ளும் என்னும் கேள்வி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. வேலையிழப்பின் வரலாற்றில் அதுவே நடுநாயகமான கேள்வி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854-இல் நிறுவிய பம்பாய் நூற்பு நெசவுக் கம்பெனிக்குப் பின் பரேல், லால்பாக், வொர்லி, பைகுலா பகுதிகளில் ஆலைகள் பெருகின. அந்நிலப்பரப்புக்குக் 'கிரண்காவ்' என்று பெயர்; ஆலைகளின் ஊர் என்பது பொருள். ரத்னகிரி, சதாரா, கோலாப்பூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் பெருநகரத்தின் நடுவே இருந்த தங்கள் இடத்தை ஊர் என்றே அழைத்தனர். 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழில் உறவுச் சட்டப்படி அங்கு முதலாளிகளுடன் பேரம் பேசும் உரிமை ராஷ்ட்ரிய மில் மஜ்தூர் சங்கம் ஒன்றுக்கே இருந்தது. 1981 அக்டோபரில் போனஸ் பிரச்சினை வெடித்தபோது அச்சங்கத்தின்மீது நம்பிக்கை இழந்த தொழிலாளர், வேறு தொழிற்சாலைகளில் ஊதிய உயர்வு பெற்றுத்தந்து பெயர்பெற்றிருந்த மருத்துவர் தத்தா சாமந்தைத் தேடிச் சென்றனர். ஊதிய உயர்வு, அச்சட்டத்தை நீக்குதல், 'பத்லி' தொழிலாளரை நிரந்தரமாக்குதல் ஆகியவை முதன்மைக் கோரிக்கைகளாயின.

'பத்லி' தமிழருக்கு அந்நியமான சொல் அன்று. 'பதில்' என்பதும் அதே அரபுச் சொல்வழி வந்ததுதான். விடை என்ற பொருள் தமிழில் மேலோங்கிவிட்டாலும், 'அவருக்குப் பதிலாக' என்னும்போது பழைய பொருள் வெளிப்படுகிறது. பத்லித் தொழிலாளி காலையில் ஆலை வாயிலில் வந்து நிற்பார். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வராவிட்டால் அவருக்கு அன்று வேலை உண்டு. எல்லோரும் வந்துவிட்டால் திரும்ப வேண்டியதுதான். பல ஆண்டுகள் இவ்வாறே நின்றவர்கள் இருந்தனர். ஆகவே வருமானமற்ற நாள் என்பது கிரண்காவுக்கு 1982-இல் வந்த புதுமை அல்ல. அந்நாளைக் கடத்துவதற்கான ஏற்பாடுகள் அங்கே தலைமுறைகளாக இருந்தன. ஆனால் அவை அனைத்தும் வேலை மீண்டும் வரும் என்ற ஒரே எண்ணத்தின்மீது கட்டப்பட்டவை.

தானியக் கடைக்காரரின் கணக்கு நோட்டு அவற்றுள் முதலாவது. மாதம் முழுவதும் வாங்கிச் சம்பள நாளில் தீர்ப்பது வழக்கம். 'பிஷி' என்னும் சுழல் சீட்டு இரண்டாவது. தமிழகத்துக் குலுக்கல் சீட்டோடு ஒப்பிடத்தக்கது. அடகுக் கடை மூன்றாவது. இம்மூன்றிலும் பணத்தைவிடக் காலமே அளவுகோல். அடுத்த சம்பளம் என்று வரும் என்பது தெரிந்தால்தான் கடைக்காரர் நோட்டைத் திறப்பார், சீட்டு சுழலும், அடகு மீளும். அடுத்த மாதம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை ஒவ்வொரு மாதமும் புதுப்பிக்கப்பட்டதால் கடனும் ஒவ்வொரு மாதமும் புதுப்பிக்கப்பட்டது. வேலை போயிற்று என்று முதல் மாதத்திலேயே தெரிந்திருந்தால் அத்தனை கடனை வாங்கியிருக்கவும் மாட்டார்கள், யாரும் கொடுத்திருக்கவும் மாட்டார்கள். நம்பிக்கைக்கு வட்டி உண்டு என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் சான்று இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அரிது.

இந்தக் கடன் சங்கிலியில் ஆண்கள் எழுதிய வரலாறு நெடுங்காலம் கவனிக்காத ஒரு கண்ணி, 'கானாவள்' நடத்திய பெண்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த தொழிலாளருக்குத் தம் வீட்டுச் சமையலறையிலேயே சமைத்துப் போட்டு மாதக் கடைசியில் பணம் வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். தானியத்தைக் கடனுக்கு வாங்கி, உணவையும் கடனுக்கே கொடுத்தனர். ஆலை நின்றால் தொழிலாளியிடமிருந்து வரவேண்டியது நின்றுவிடும். கடைக்காரருக்கும் வட்டிக்காரருக்கும் கொடுக்கவேண்டியது நிற்காது. 1970களின் நடுவே நடந்த ஆலை வேலைநிறுத்தத்தின்போது இதைக் கண்கூடாகக் கண்ட பிரேமா புரவ் 1975-இல் 'அன்னபூர்ணா மஹிளா மண்டல்' என்னும் அமைப்பைத் தொடங்கி, இப்பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழிசெய்தார். போராட்டங்களின் நிதி ஆதாரம் என்றதும் சங்க நிதியும் நன்கொடையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒவ்வொரு வேலைநிறுத்தத்தின்போதும் முதல் நன்கொடையாளர்களாக இருந்தவர்கள், தாம் நன்கொடை அளிப்பதாகச் சொல்லிக்கொள்ள வாய்ப்பே இல்லாதிருந்த இப்பெண்கள்தாம்.

அடுத்தது ஊர். கொங்கணக் கடற்கரையைப் பற்றி 'மணியார்டர் பொருளாதாரம்' என்று சொல்வதுண்டு. பம்பாயில் ஆண்கள் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் அக்கிராமங்கள் வாழ்ந்தன. 1982-இல் ஓட்டம் திசைமாறியது. ஊரிலிருந்து அரிசி வந்தது. மழைக்காலத்தில் நாற்று நடவுக்கு ஆண்களே ஊர் திரும்பினர். ஆலைத் தொழிலாளி ஊர்த்தொடர்பை விடாதிருப்பதை, அவர் இன்னும் முழுத் தொழிலாளியாக மாறவில்லை என்பதற்கான அடையாளமாகக் காட்டியவர்கள் உண்டு. ராஜ்நாராயண் சந்தாவர்க்கர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியை ஆராய்ந்து இப்பார்வையை மறுத்தார். நகர வேலையின் நிச்சயமின்மையே ஊர்த்தொடர்பைப் பேணச் செய்தது என்பதும், ஊரில் இருந்த பிடிப்பே நகரத்தில் நீண்ட போராட்டங்களை நடத்த உதவியது என்பதும் அவர் வாதம். அவருடைய ஆய்வு 1940-உடன் நின்றாலும் 1982 அதற்கு வலுவான சான்று. இரண்டு ஏக்கர் நிலமேனும் இருந்தவர் நீண்ட நாள் தாக்குப்பிடித்தார். நிலமற்றவருக்கு, குறிப்பாகத் தலித் தொழிலாளருக்கு, திரும்பிச் செல்ல ஊர் இருந்ததே தவிர அங்கே உண்ண ஒன்றும் இல்லை. 'ஊருக்குப் போய்விட்டார்கள்' என்ற ஒரே வாக்கியத்தில் இவ்விருவரையும் அடைப்பது பிழை.

சட்டத்தின் மொழிக்கு வந்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டப்படி ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்குப் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாக உண்டு என்றிருந்தது. ஆனால் ஒழுங்கு நடவடிக்கையாக விதிக்கப்பட்ட தண்டனை ஆட்குறைப்பு ஆகாது என்று அச்சட்டத்தின் வரையறையே சொன்னது. இவ்வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என அறிவிக்கப்பட்டிருந்தது. அதில் கலந்துகொண்டதற்காக நீக்கப்பட்டவர் வரையறைக்கு வெளியே தள்ளப்பட்டார். ஆலையை மூடினால் இழப்பீடு உண்டு. ஆனால் பெரிய ஆலையை மூட அரசின் அனுமதி வேண்டும். எனவே எந்திரம் ஓடாத ஆலைகளும் ஏட்டில் நெடுங்காலம் மூடப்படாமலே இருந்தன. ஓடவும் இல்லை, மூடவும் இல்லை. உள்ளே இருப்பவர் பணியாளரும் அல்லர், பணிநீக்கம் பெற்றவரும் அல்லர்.

எஞ்சிய வழி ராஜினாமா. எழுதிக் கொடுத்தால் வருங்கால வைப்பு நிதி கிடைக்கும். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஆண்டுக்கு 15 நாள் ஊதியமும் கிடைக்கவேண்டியிருந்தது. 20 ஆண்டு உழைத்தவருக்கு அது 300 நாள் கூலி. வீட்டில் அரிசி இல்லாதபோது அது பெருந்தொகை. கடைக்காரர் நோட்டைத் தீர்த்தபின் சிறுதொகை. அத்தாளில் கையெழுத்திட்டவர்களுக்கு மட்டுமே வேலையிழந்த தேதி என்று ஒன்று உண்டு. அதைத் தம் கையாலேயே எழுதவேண்டியிருந்தது என்பதுதான் கொடுமை. போராட்டத்தில் உறுதியாக நின்ற அயலாரின் கண்ணில் அது காட்டிக்கொடுத்தலாகவும், பசித்த பிள்ளைகளின் கண்ணில் காலங்கடந்த செயலாகவும் தோன்றியிருக்கும்.

வேறு வேலை தேடியவர்களுள் பலர் பிவண்டியின் விசைத்தறிக் கூடங்களை அடைந்தனர். ஆலைகளில் நெய்யப்பட வேண்டிய துணி அங்கே குறைந்த கூலிக்கு நெய்யப்பட்டுக்கொண்டிருந்தது. ஆலைத் தொழிலாளியின் பேரவலிமையைக் கரைத்த உற்பத்திக்கு அதே தொழிலாளியின் கைத்திறனே பயன்பட்டது.

மனநிலையைப் பற்றி எழுதுவது கடினம். அது கணக்கு நோட்டில் பதிவாவதில்லை. நீரா அடார்க்கரும் மீனா மேனனும் தொகுத்து 2004-இல் வெளிவந்த கிரண்காவ் வாய்மொழி வரலாறு இதற்குப் பெருந்துணை. சிலவற்றை இடத்தின் அமைப்பிலிருந்தும் உய்த்துணரலாம். சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பின் ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஷிப்டுகள் மாறி மாறி வந்ததால் ஒருவர் வேலைக்குச் சென்ற நேரத்தில் இன்னொருவர் உறங்கினார். ஆலைச் சங்கு நின்றபோது அந்த ஒழுங்கும் குலைந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் அறையில் இருக்கும்படி அந்த அறை கட்டப்படவில்லை. ஆண் பகலில் வீட்டில் இருப்பது நோய்வாய்ப்பட்ட நாளிலோ விடுப்பு நாளிலோ மட்டும் நிகழ்ந்த ஒன்று. அதுவே நாள்தோறும் ஆனது. அப்பளம் இடுதல், தையல், பிறர் வீட்டுவேலை என்று பெண்களின் சிறு வருமானம் குடும்பத்தின் முழு வருமானமாயிற்று. ஆனாலும் அது தற்காலிகம் என்றே பேசப்பட்டது. ஆலை திறந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்ற பேச்சு ஆணின் தன்மதிப்பைக் காத்தது. பெண்ணின் உழைப்புக்கு வேலை என்ற பெயர் கிடைப்பதைத் தள்ளிப்போட்டது.

ஜெயந்த் பவார் 1997-இல் எழுதிய மராத்தி நாடகம் வேலைநிறுத்தத்துக்குப் பிந்தைய லால்பாக் குடும்பம் ஒன்றைப் பற்றியது. அதன் தலைப்பு 'அதாந்தர்'. பிடிப்பின்றி அந்தரத்தில் தொங்குதல் என்று பொருள். தமிழர் காதுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. மகேஷ் மஞ்ச்ரேகர் 2010-இல் அதைத் திரைப்படமாக்கினார். ஆலைப் பிள்ளைகள் குற்றக் கும்பல்களில் சேர்ந்தனர் என்ற செய்தி அத்தகைய படைப்புகள்வழி பரவலாக நிலைத்துவிட்டது. சிலர் சேர்ந்தனர், உண்மை. மிகப் பலர் காவலாளியாகவும் கூலியாகவும் தெருவோர வியாபாரியாகவும் வாழ்ந்து முடித்தனர் என்பதும் உண்மை. அதில் திரைக்கதை இல்லாததால் யாரும் படம் எடுக்கவில்லை.

இழப்பை ஏற்காமை வெறும் மாயை என்று ஒதுக்கிவிடவும் இயலாது. 1984 டிசம்பர்த் தேர்தலில், நாடெங்கும் காங்கிரஸ் அலை வீசியபோது, தத்தா சாமந்த் பம்பாய் தென்மத்தியத் தொகுதியில் சுயேச்சையாக நின்று மக்களவைக்குச் சென்றார். ஆலையில் தோற்றவர்கள் வாக்குச்சாவடியில் தோற்கவில்லை என்று காட்டிக்கொள்ள அது ஒரு வாய்ப்பாயிற்று. 1997 ஜனவரி 16 அன்று, வேலைநிறுத்தத்தின் பதினைந்தாம் ஆண்டு நிறைவுக்கு இரண்டு நாள் முன்பு, அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போதும் அப்போராட்டம் திரும்பப் பெறப்பட்டிருக்கவில்லை.

அதற்குள் ஆலைகளைவிட ஆலை நிலத்துக்கு மதிப்பு ஏறிவிட்டது. 1991-இல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58, விற்கப்படும் ஆலை நிலத்தை உரிமையாளர், மாநகராட்சி, பொது வீட்டுவசதி என மூன்று பங்காக்கியது. 2001-இல் செய்த திருத்தம் கட்டடமில்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே இப்பங்கு பொருந்தும் என்று சுருக்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் 2006-இல் அதை ஏற்றது. ஃபீனிக்ஸ் ஆலை நின்ற இடத்தில் வணிக வளாகம் எழுந்தது. பொது வீட்டுவசதிக்கெனக் கிடைத்த நிலத்தில் தொழிலாளருக்கு வீடு கட்டி, 2012-இல் சுமார் 6,900 வீடுகளுக்குக் குலுக்கல் நடந்தது. வந்திருந்த விண்ணப்பங்களோ ஒன்றரை லட்சத்தை ஒட்டியவை.

தகுதிக்கு அரசு ஒரு தேதி வைத்தது: 1982 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ ஆலையின் பணியேட்டில் இருந்தவர், அல்லது அவருடைய வாரிசு. வேலைநிறுத்தம் தொடங்குவதற்குப் பதினேழு நாள் முந்தைய தேதி அது. எப்போது வேலை இழந்தீர்கள் என்பதற்குக் கிடைக்காத தேதி, எப்போது வேலையில் இருந்தீர்கள் என்பதற்குக் கிடைத்தது. சான்றாக ஆலை அடையாள அட்டை, டிக்கெட் எண், வருகை அட்டை, வைப்பு நிதி எண், தொழிலாளர் ஈட்டுறுதி அட்டை, சம்பளச் சீட்டு போன்றவற்றுள் ஏதேனும் கேட்கப்பட்டது. ஆலை திறந்து அழைக்கும் நாளில் வாயிலில் காட்டவேண்டுமே என்று தகரப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தியிருந்த தாள்கள் முப்பது ஆண்டுகளுக்குப் பின் வெளியே வந்தன. அவற்றைக் கொண்டுவந்து வரிசையில் நின்றவர்களுள் பலர், அத்தாள்களில் பெயர் எழுதப்பட்டிருந்தவர்களின் மனைவியரும் மகன்களும் மகள்களும்.