கத்தார்–துருக்கி மென்வலுக் கூட்டு

கத்தாரும் துருக்கியும் தங்களுக்கு எதிராக நின்ற அரபு அணியைச் சமாளிக்கத் தொலைக்காட்சி, நாடகத் தொடர், மத அறிஞர் மன்றம், கால்பந்து, நிவாரணப் பணி ஆகியவற்றை ஆயுதமாக்கிக்கொண்ட விதம் இக்கட்டுரையின் பொருள். எதிரணியில் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து, பஹ்ரைன் ஆகிய நான்கு நாடுகள் இருந்தன. 2011ஆம் ஆண்டு அரபு எழுச்சியோடு சூடுபிடித்த இந்தப் போட்டி, 2017இல் கத்தார்மீது விதிக்கப்பட்ட முற்றுகையில் உச்சத்துக்குப் போய், 2021 ஜனவரியில் முற்றுகையை நீக்கிய அல்-உலா உடன்பாட்டுக்குப் பிறகு தணிந்தது.

மென்வலு என்ற கருத்தை 1990இல் அமெரிக்க அரசியல் அறிஞர் ஜோசப் நை முன்வைத்தார். மிரட்டியோ காசு கொடுத்தோ பணியவைக்காமல், பிறர் தாமாக விரும்பி நம் பக்கம் சாயும்படி செய்யும் ஆற்றலே மென்வலு. அதை எழுதும்போது அவர் மனத்தில் இருந்தது அமெரிக்கா. படைபலமும் பணபலமும் ஏற்கெனவே உள்ள வல்லரசுக்கு அது கூடுதல் நகை. பெரிய அண்டை நாடுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிறிய நாட்டுக்கோ அது உயிர்க்கவசம். கத்தாரின் குடிமக்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர்தான். அதன் கடலடியில் உலகின் மிகப் பெரிய இயற்கை எரிவாயு வயல் கிடக்கிறது; அதைக் காக்கும் அளவுக்குப் படை கிடையாது. துருக்கியில் எட்டுக் கோடிக்கு மேல் மக்கள், நேட்டோவின் இரண்டாவது பெரிய படை, ஆறு நூற்றாண்டு உதுமானியப் பேரரசின் நினைவு. ஆனால் அரபுத் தெருக்களில் பேசுவதற்கு அதனிடம் மொழி இல்லை, கையில் ரொக்கமும் குறைவு. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. இரு அரசுகளும் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்துக்கு இடம் கொடுத்ததும், அந்த இயக்கத்தைத் தங்கள் அரியணைக்கு வந்த ஆபத்தாக ரியாத்தும் அபுதாபியும் கண்டதும் இந்தக் கூட்டை இறுக்கின.

அல் ஜசீரா

1996 நவம்பர் 1 அன்று தோஹாவில் அல் ஜசீரா ஒளிபரப்பைத் தொடங்கியது. முந்தைய ஆண்டுதான் அமீர் ஹமத் பின் கலீஃபா அல் தானி தந்தையை அகற்றிவிட்டு ஆட்சிக்கு வந்திருந்தார். சவூதியின் நிழலிலிருந்து வெளியேற அவருக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. அந்தக் குரலை ஒருவகையில் சவூதித் தரப்பே செய்துகொடுத்தது. சவூதி நிறுவனமொன்றின் பணத்தில் நடந்துவந்த பிபிசியின் அரபுத் தொலைக்காட்சி, சவூதி அரசைச் சங்கடப்படுத்திய நிகழ்ச்சியால் எழுந்த தகராறில் 1996 ஏப்ரலில் மூடப்பட்டது. வேலையிழந்த பத்திரிகையாளர்கள் பலரைக் கத்தார் அழைத்துக்கொண்டது.

மன்னரின் வரவேற்புகளையே செய்தியாகப் பார்த்துச் சலித்திருந்த அரபு வீடுகளுக்கு, அமைச்சரும் அவரை எதிர்ப்பவரும் நேரலையில் வாதாடும் காட்சி புதிது. இஸ்ரேலியப் பேச்சாளர்களை அரபுத் திரையில் பேசவிட்டதும் இந்த அலைவரிசைதான். சவூதி 2002இல் தோஹாவிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்தது. அவர் மீண்டும் வரப் பல ஆண்டுகள் ஆயின. 2003இல் சவூதியினருக்குச் சொந்தமான எம்பிசி குழுமம் துபாயிலிருந்து அல் அரபியாவைத் தொடங்கியது. திரையைத் திரையால்தான் எதிர்க்க முடியும் என்பதை எதிரணி ஒப்புக்கொண்ட தருணம் அது.

இந்தத் துணிவுக்கு எல்லை உண்டு. கத்தார் அரச குடும்பத்தைப் பற்றி அல் ஜசீரா அதே கூர்மையோடு விசாரித்ததில்லை. 2011இல் துனிசியாவையும் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தையும் இரவு பகலாகக் காட்டிய அதன் அரபு அலைவரிசை, பஹ்ரைன் போராட்டத்தின்போது குரலைத் தாழ்த்திக்கொண்டது. 2013இல் எகிப்தில் சகோதரத்துவ இயக்கத்து அதிபர் முஹம்மது முர்சி கவிழ்க்கப்பட்ட வேளையில், அல் ஜசீரா அவ்வியக்கத்தின் பக்கம் சாய்கிறது என்று குற்றம்சாட்டி எகிப்தியப் பணியாளர்கள் பலர் விலகினர். அங்கே அதன் செய்தியாளர்கள் சிறைக்கும் போனார்கள். அரசு நடத்தும் குரல் எவ்வளவு உண்மையைப் பேசினாலும், எந்த உண்மையை எப்போது பேசுவது என்பதை அரசே தீர்மானிக்கிறது. களத்தில் உயிரைப் பணயம் வைத்த செய்தியாளர்களின் உழைப்பை இது சிறிதும் குறைக்காது. ஆனால் அந்த உழைப்பின்மேல்தான் தோஹா தன் பேரத்தைக் கட்டியது என்பதை மறந்துவிடக் கூடாது.

நூரும் எர்துருலும்

துருக்கியின் தொடர்கள் அரபு உலகில் நுழைந்தது அரசுத் திட்டத்தால் அன்று. சொந்த நாட்டில் சுமாராக ஓடிய 'குமுஷ்' என்ற தொடரை எம்பிசி வாங்கி, இலக்கிய அரபியில் போடாமல் சிரியப் பேச்சுவழக்கில் டப்பிங் செய்து, 2008இல் 'நூர்' என்ற பெயரில் ஒளிபரப்பியது. மெஹ்மெத் என்ற நாயகன் முஹன்னத் ஆனான். கடைசிப் பகுதியை எட்டரைக் கோடிப் பேர் பார்த்ததாக எம்பிசி அறிவித்தது. மனைவியை மதித்து, அவள் வேலைக்குப் போவதை ஆதரிக்கும் முஸ்லிம் கணவன் ஒருவன் திரையில் வந்ததுதான் அரபுப் பெண்களை ஈர்த்தது என்று பலரும் எழுதினார்கள். சவூதியின் தலைமை முஃப்தி தொடரைக் கண்டித்தார், பார்ப்பவர்கள் நிறுத்தவில்லை. படப்பிடிப்பு நடந்த பாஸ்பரஸ் கரை மாளிகையைப் பார்க்க அரபுக் குடும்பங்கள் இஸ்தான்புலுக்கு வந்து குவிந்தன.

இந்த வெற்றியில் ஒரு பலவீனம் ஒளிந்திருந்தது. துருக்கியின் புகழ் சவூதிக்குச் சொந்தமான அலைவரிசை வழியாகவே போய்க்கொண்டிருந்தது. 2018 மார்ச்சில் எம்பிசி தன் எல்லா அலைவரிசைகளிலும் துருக்கித் தொடர்களை ஒரே இரவில் நிறுத்தியது. ஓடிக்கொண்டிருந்த கதைகளும் பாதியில் அறுந்தன. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே எம்பிசி 'மமாலிக் அல்-நார்' என்ற பெருஞ்செலவுத் தொடரைக் கொண்டுவந்தது. அமீரக நிறுவனம் தயாரித்த அதில், 1517இல் எகிப்தைக் கைப்பற்றிய சுல்தான் முதலாம் செலிம் கொடியவனாகவும், கெய்ரோவின் நகர வாயிலில் தூக்கிலிடப்பட்ட கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பே வீரனாகவும் வருகிறார்கள்.

துருக்கி அரசுத் தொலைக்காட்சியான டிஆர்டி 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பிய 'திரிலிஷ்: எர்துருல்' உதுமானிய மரபின் தொடக்கத்தைக் காவியமாக்கியது. இங்கே அரசின் கை வெளிப்படையாகவே தெரிந்தது. எகிப்தின் ஃபத்வா நிறுவனமான தார் அல்-இஃப்தா 2020 பிப்ரவரியில் இந்தத் தொடரைப் பெயர் சொல்லி எச்சரித்தது. ஒரு நாடகத்துக்கு எதிராக மத நிறுவனம் பேச வேண்டிவந்ததே அதன் வீச்சுக்குச் சான்று.

நினைவுகளின் சண்டை தெருப்பெயர் வரை போனது. முதல் உலகப் போரில் மதீனாவைக் காத்து நின்ற உதுமானியத் தளபதி ஃபஹ்ரெத்தின் பாஷா அந்நகரத்துச் செல்வத்தைக் கொள்ளையடித்தவர் என்று கூறிய ட்விட்டர் பதிவொன்றை, 2017 டிசம்பரில் அமீரக வெளியுறவு அமைச்சர் மறுபகிர்வு செய்தார். சில வாரங்களில், அங்காராவில் அமீரகத் தூதரகம் இருந்த தெருவுக்கே ஃபஹ்ரெத்தின் பாஷாவின் பெயரைத் துருக்கி சூட்டியது.

மார்க்க மேடைகள்

எகிப்தில் பிறந்து 1961 முதல் கத்தாரில் வாழ்ந்த அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி, அல் ஜசீராவின் வாராந்திர மார்க்க நிகழ்ச்சி மூலம் அரபு உலகெங்கும் அறிமுகமானார். 2004இல் அவர் தலைமையில் உலக முஸ்லிம் அறிஞர் ஒன்றியம் உருவானது. அவருக்குத் துணையாக இருந்த மவுரித்தேனிய அறிஞர் அப்துல்லா பின் பய்யா 2013இல் அங்கிருந்து விலகினார். அடுத்த ஆண்டு அபுதாபியில் தொடங்கிய அமைதி மன்றத்துக்குத் தலைவரானார். அமீரகம் 2019ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்துப் போப் பிரான்சிஸை வரவேற்றதும் இந்தப் போட்டியின் தொடர்ச்சிதான்.

2019 டிசம்பரில் மலேசியப் பிரதமர் மகாதீர் கூட்டிய கோலாலம்பூர் மாநாட்டில் துருக்கி அதிபர் எர்துவானும் கத்தார் அமீர் தமீமும் ஈரான் அதிபர் ரூஹானியும் கலந்துகொண்டார்கள். முஸ்லிம் உலகின் தலைமை தன் கையைவிட்டுப் போவதாகச் சவூதி கருதியது. மாநாட்டு யோசனையில் பங்குகொண்ட பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கடைசி நேரத்தில் பின்வாங்கினார். சவூதியில் வேலைபார்க்கும் பாகிஸ்தானியரையும் பாகிஸ்தான் மத்திய வங்கியில் இருந்த சவூதி வைப்புத்தொகையையும் காட்டி அவர் நெருக்கப்பட்டதாக எர்துவான் சொன்னார், சவூதி மறுத்தது. ஆனால் 2020 ரமலானில், இம்ரான் கானின் விருப்பப்படி, எர்துருல் தொடர் உருதுவில் பாகிஸ்தான் அரசுத் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கி நாட்டையே கட்டிப்போட்டது. வைப்புத்தொகையால் பிரதமரைத் தடுக்க முடிந்தது; வீட்டுக் கூடத்துக்குள் கதை நுழைவதைத் தடுக்க முடியவில்லை.

மொகதிஷு

2011 ஆகஸ்டில், பஞ்சத்தால் மக்கள் மடிந்துகொண்டிருந்த சோமாலியாவுக்கு, அப்போது துருக்கிப் பிரதமராக இருந்த எர்துவான் குடும்பத்தோடும் அமைச்சர்களோடும் போய் இறங்கினார். ஆப்பிரிக்காவுக்கு வெளியிலிருந்து அந்நாட்டுக்கு ஒரு தலைவர் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த மார்ச்சில் துருக்கி ஏர்லைன்ஸ் மொகதிஷுவுக்குப் பறக்கத் தொடங்கியது. மருத்துவமனை, சாலை, கல்வி உதவித்தொகை எனப் பணிகள் தொடர்ந்தன; 2017இல் துருக்கியின் படைப் பயிற்சி முகாமும் வந்தது. அந்த ஆண்டு நான்கு நாடுகள் கத்தாரை விலக்கியபோது சோமாலியா அவர்களோடு சேர மறுத்தது. 2018 ஏப்ரலில் சோமாலியாவுடன் உறவு முறிந்ததும் அமீரகம் அங்கிருந்த தன் படைப் பயிற்சித் திட்டத்தை நிறுத்தி, மொகதிஷுவில் நடத்திவந்த ஷேக் சயீத் மருத்துவமனையையும் மூடியது. அங்கே இலவசமாக வைத்தியம் பெற்றுவந்த ஏழைகளுக்கும் வளைகுடாச் சண்டைக்கும் என்ன தொடர்பு? நட்பின் பெயரில் கொடுத்ததைப் பகையின் பெயரில் பிடுங்கினால், கொடுக்காமலே இருந்ததைவிட அது கொடியது.

முற்றுகை

2017 ஜூன் 5 அன்று நான்கு நாடுகளும் கத்தாருடன் உறவைத் துண்டித்தன. ஒரே தரைவழி எல்லை அடைபட்டது, வான்வழி மறுக்கப்பட்டது. இரண்டு நாளில் துருக்கி நாடாளுமன்றம் கத்தாருக்குப் படை அனுப்ப ஒப்புதல் அளித்தது. துருக்கிப் பாலும் தயிரும் விமானத்தில் வந்து தோஹா கடைகளில் அடுக்கப்பட்டன. அந்த மாதமே 13 கோரிக்கைகள் வந்தன. அல் ஜசீராவை மூடு, துருக்கிப் படைத்தளத்தை மூடு என்ற இரண்டும் அதில் இருந்தன. ஒரு செய்தி அலைவரிசையும் ஒரு படைத்தளமும் ஒரே பட்டியலில் ஒரே எடையோடு நின்றன. மென்வலுவின் மதிப்பை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை. மூன்றரை ஆண்டு கழித்து முற்றுகை நீங்கியபோது இரண்டும் அப்படியே இருந்தன.

கைம்மாறும் நடந்தது. 2018 ஆகஸ்டில் லிரா சரிந்து துருக்கி திணறியபோது, 1,500 கோடி டாலர் முதலீடு செய்வதாகக் கத்தார் அறிவித்தது. விளையாட்டு ஒளிபரப்பில் பேர்பெற்ற கத்தாரின் பீஇன் குழுமம் ஏற்கெனவே துருக்கியின் டிஜிடர்க் தொலைக்காட்சியை வாங்கியிருந்தது.

கால்பந்து

2022 உலகக் கோப்பையை நடத்தும் உரிமையைக் கத்தார் 2010 டிசம்பரிலேயே வென்றெடுத்துவிட்டது. முற்றுகை தொடங்கிய இரண்டே மாதத்தில், கத்தாருக்குச் சொந்தமான பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணி நெய்மாரை 22.2 கோடி யூரோவுக்கு வாங்கியது. எங்களை முடக்க முடியாது என்பதே அந்தத் தொகையின் செய்தி. முற்றுகை தொடங்கியதுமே சவூதியில் பீஇன் தடைசெய்யப்பட்டிருந்தது. 'பீஅவுட்கியூ' என்ற திருட்டு ஒளிபரப்பு அதன் போட்டிகளை அப்படியே எடுத்து விற்றது. 2019 ஆசியக் கோப்பை அரையிறுதியில், கத்தார் ரசிகர்கள் வர முடியாத அபுதாபியில், கத்தார் அணி அமீரகத்தை 4–0 என வென்றது. கூட்டத்திலிருந்து செருப்புகள் பறந்தன. இறுதியில் ஜப்பானையும் வென்று கோப்பையை எடுத்தது.

உலகக் கோப்பைக் காவலுக்குத் துருக்கி 3,000க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படையினரை அனுப்பியது. அர்ஜென்டினாவைச் சவூதி 2–1 என வீழ்த்திய ஆட்டத்தில் அமீர் தமீம் சவூதிக் கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கைதட்டினார். அரங்குகளைக் கட்டிய தொழிலாளரின் சாவுகளும் கொடுக்கப்படாத கூலியும் அந்த விழாவின் மேல் நிழலாகவே நின்றன. நேபாளிகள், வங்கதேசத்தவர், கேரளத்தவரோடு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருந்து போனவர்கள் அந்த வெயிலில் நின்று வேலைசெய்திருக்கிறார்கள். கத்தாரின் பெருமையில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

தணிவும் விலையும்

எகிப்து, சிரியா, ஏமன் நாடுகளிலிருந்து தப்பிவந்த எழுத்தாளர்களும் ஊடகக்காரர்களும் இஸ்தான்புலை வீடாக்கிக்கொண்டிருந்தார்கள். மெகமெலீன், வத்தன், அல்-ஷர்க் ஆகிய அலைவரிசைகள் அங்கிருந்து எகிப்து ஆட்சியை விமர்சித்தன. 2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புலில் உள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி கொல்லப்பட்டபோது, துருக்கி அதிகாரிகள் துணுக்குத் துணுக்காகக் கசியவிட்ட தகவல்களை அல் ஜசீரா உலகெங்கும் கொண்டுபோனது. இந்தக் கூட்டு ஒரு குரலாக ஒலித்த மிக வலுவான சமயம் அதுவே.

பிறகு துருக்கிக்கு வளைகுடா முதலீடு அவசியமானது. 2021 மார்ச்சில் எகிப்திய அலைவரிசைகளின் குரலைத் தணிக்கும்படி அங்காரா கேட்டுக்கொண்டது. மறு ஆண்டு மெகமெலீன் துருக்கியைவிட்டே கிளம்பியது. 2022 ஏப்ரலில் கஷோக்ஜி கொலை வழக்கை இஸ்தான்புல் நீதிமன்றம் சவூதியிடம் ஒப்படைத்தது. அந்த மாதக் கடைசியில் எர்துவான் ஜித்தாவுக்குப் போய்ப் பட்டத்து இளவரசர் முஹம்மது பின் சல்மானைத் தழுவிக்கொண்டார்.