நீர்க்கட்டி: ஒரு சொல்லின் வரலாறு

ஸ்கூடாயில் என் இல்லத்திற்கு வந்த முன்னாள் மாணவி ஒருவர் ஸ்கேன் அறிக்கையை நீட்டி, "ஐயா, சூலகத்தில் பல நீர்க்கட்டிகளாம். கட்டி என்றால் புற்றுநோயா?" என்று கேட்டார். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ஆயினும் அவரை அச்சுறுத்தியது நோயன்று, சொல். ஆதலால் மொழியியல் படித்தவனும் பதில் சொல்லக் கடமைப்பட்டவனே.

சூலகத்தில் நீர் நிறைந்த நுண்பைகள் இருப்பதை 1672இல் விரிவாக எழுதியவர் ஒல்லாந்து மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப். அப்பைகளையே அவர் முட்டைகள் என்று கருதினார். 155 ஆண்டுகள் கழித்து, 1827இல், கார்ல் எர்ன்ஸ்ட் ஃபொன் பேயர் நாயின் நுண்பையைத் திறந்து, அதனுள்ளே உண்மையான முட்டையைக் கண்டார். மனித முட்டையின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், முதிர்ந்த நுண்பையோ 20 மில்லிமீட்டர் வரை பெருக்கும். ஆனால் இன்றும் நாம் 'முட்டை 18 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறது' என்றே பேசுகிறோம். டி கிராஃபின் பிழை நம் நாவில் இன்னும் வாழ்கிறது!

பெண் குழந்தை பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம் நுண்பைகள் சூலகங்களில் உறங்குகின்றன. அவற்றுள் சில அவ்வப்போது விழித்து வளரத் தொடங்கும். இத்தொடக்க நிலைக்குப் பிட்யூட்டரியின் ஆணை தேவையில்லை. வளரும் சிறு நுண்பைகள் சுரக்கும் ஏ.எம்.எச். என்னும் ஹார்மோன், உறங்குவன எல்லாம் ஒருசேர எழுந்துவிடாமல் தடுக்கிறது. சில மில்லிமீட்டர் வளர்ந்த பின்னரே பிட்யூட்டரியின் எஃப்.எஸ்.எச். இன்றியமையாததாகிறது. பொதுவாக மாதம் ஒன்று முதிரும். உடன் வளர்ந்த பிற அழியும்.

ஆண்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்கள் மிகும்போது இவ்வொழுங்கு குலைந்து, பல நுண்பைகள் 10 மில்லிமீட்டரை எட்டுமுன்பே நின்றுவிடுகின்றன. சிகாகோவில் ஸ்டைனும் லெவன்தாலும் 1935இல் ஏழு பெண்களிடம் கண்டு எழுதிய நிலை இதுவே. பின்னர் அது 'பாலிசிஸ்டிக்' எனப் பெயர் பெற்றது. அதன் மூலமான 'கிஸ்டிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பை என்றே பொருள். தமிழில் அது கட்டியாயிற்று. வெல்லக்கட்டி, பனிக்கட்டி, மண்ணாங்கட்டி என எங்கும் இறுகிய பொருளையே கட்டி என்கிறோம். உடலில் என்றால் கேட்கவே வேண்டாம். நீர் நிறைந்த மெல்லிய பைக்கு இதைவிடப் பொருந்தாத பெயர் கிடைப்பது அரிது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், கலைச்சொல்லாக்கத்தில் முதலில் தமிழில் தேடு, பின்னர் வடமொழியில் தேடு, கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுது என்னும் முறையைக் கையாண்டார். நல்ல முறைதான். ஆனால் கிடைத்த தமிழ்ச்சொல் கேட்பவர் உள்ளத்தில் எதை எழுப்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பேன். ஆங்கிலப் பெயரிலும் இக்குறை உண்டு. அதை மாற்றுமாறு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவே 2012இல் பரிந்துரைத்தது.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல். இடைநிலைப் பள்ளியில் 'ஃபோலிகெல் கிராஃப்' என்று மலாயில் படிக்கும் மாணவி, வீட்டில் 'நீர்க்கட்டி' என்று கேட்கிறாள். இரண்டும் ஒரே நுண்பையின் வெவ்வேறு நிலைகளைக் குறிப்பன என்று அவளுக்கு எவரும் சொல்வதில்லை.

வந்த மாணவியிடம், மாதவிடாய் தவறுவதற்கும் இன்சுலின் எதிர்ப்புக்கும் மருத்துவம் அவசியம் என்று சொல்லி, அறிக்கையின் ஓரத்தில் 'வளர்ச்சி நின்ற நுண்பைகள்' என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். இருமுறை படித்துவிட்டு, "இதை அம்மாவிடம் காட்டலாம்" என்றார்.