குன்றடியில் நின்றுபோன சலங்கை

நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி போடுவார்கள். ஹைதராபாத் மௌலா அலி குன்றடியில் தவாயிஃப் எனும் அவைக் கலைஞப் பெண்கள் ஆடிப் பாடிய மெஹ்ஃபில் இசையரங்குக்கு மறைவுத் தேதி போட வழியில்லை. சொல்லிக்கொள்ளாமல் போன சாவு அது.

தோற்றத்துக்காவது ஓர் ஐதீகம் உண்டு. 1578-இல், குதுப் ஷாஹி அரண்மனை ஊழியர் யாகூத்தின் கனவில் ஹஸ்ரத் அலி வந்தாராம். குன்றேறிப் பார்த்தால் பாறையில் கைத்தடம். ரஜப் மாதம் 17 உர்ஸ் திருவிழா நாளானது. சுல்தான்கள் போய் நிஜாம்கள் வந்தபின்னும் ஷியா பிரபுக்கள், சன்னி அரசர், இந்து வியாபாரி எல்லாரும் அங்கே கூடினார்கள். கூடாரங்களுக்குள் விடிய விடியப் பாட்டு. நாகூர்க் கந்தூரி பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் புரியும்.

அந்த மேடையின் நாயகி மஹ் லகா பாய். 1768-இல் சந்தா பீபீயாகப் பிறந்தவர். மஹ் லகா, அதாவது ‘நிலாமுகத்தாள்’ என்ற பட்டம் நிஜாம் தந்தது. தான்சேன் மரபில் வந்த குஷ்ஹால் கான் அனூப் அவருக்கு உஸ்தாத். ஆணுடை தரித்துக் குதிரையேறிப் போர்முனைக்கும் போனார், மானியமாக ஜாகீர் நிலம் வாங்கினார், பெண்பிள்ளைகளை வைத்து இசையும் நடனமும் கற்றுக்கொடுத்தார். அவருடைய கஜல்கள் பெரும்பாலும் அலியின் பெயரில்தான் போய் முடியும். காதலும் பக்தியும் ஒரே தொண்டையில். பதம் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் என்ன ஆச்சரியம்?

பிரபு இல்லாமல் மெஹ்ஃபில் இல்லை. 1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிந்தது. மறு ஆண்டு ஜாகீரும் ஒழிந்தது. உழுதவன் வயிற்றிலடித்த ஜாகீருக்காக நான் அழ மாட்டேன். ஆனால் ஊரார் ஏச்சு அதற்கு வெகுநாள் முன்பே அந்தப் பெண்களைக் கொல்லத் தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. தேவதாசிகளின் சதிர் பரதநாட்டியமெனப் பெயர் மாற்றிக்கொண்டு, வேறு வீட்டுப் பெண்களின் காலில் ஏறிச் சபா மேடைக்குப் போய்விட்டது. ஆடியவர்களை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். மௌலா அலிக்கு அந்தத் திருட்டு வாழ்வுகூட வாய்க்கவில்லை.

திருவையாற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் பணத்தில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பினார்; பெண்கள் பாடக்கூடாதென்ற இடத்தில் பாடவைத்தார்; 1952-இல் மறைந்து அங்கேயே அடங்கினார். மஹ் லகாவும் மௌலா அலி அடிவாரத்தில் 1792-இல் தாய்க்குக் கல்லறைத் தோட்டம் கட்டி, 1824-இல் தாய்க்கு அருகிலேயே அடங்கினார். காவிரிக்கரையில் தை மாதம் இன்றும் பாட்டு கேட்கிறது. மௌலா அலியிலோ அந்தக் கல்லறைக் கட்டடத்தை 2011-இல் அமெரிக்க நிதியுதவியோடு புதுப்பித்தார்கள். நன்றாகவே செய்திருக்கிறார்கள். நீர்த்தொட்டி, சுதைவேலை எல்லாம் பார்க்கலாம்.

1799-இல் ஒரு நடன நிகழ்ச்சியின் நடுவே, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜான் மால்கமுக்குத் தன் கவிதை ஏட்டை மஹ் லகா பரிசளித்தார். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் அது பத்திரமாக இருக்கிறது. அன்று எந்தக் கஜலை எந்த ராகத்தில் எடுத்தார், எந்தச் சொல்லுக்குக் கை எங்கே போயிற்று என்று அந்த ஏட்டில் யாரும் எழுதிவைக்கவில்லை.