அறுவடை நாளின் உரிமை: சென்னைத் தோட்டங்களும் நம் வீட்டு ஊறுகாய் ஜாடியும்

சித்திரை பிறந்துவிட்டால் மயிலாப்பூரின் தெற்கு மாடவீதியில் வடுமாங்காய்க் கூடைகள் வந்து இறங்குகின்றன. அடுத்த சில வாரங்களில் தியாகராய நகரின் பழக்கடைகளில் பங்கனபள்ளியின் மஞ்சள் நிறம் பரவுகிறது. அடையாற்றின் உட்தெருக்களில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் மதில்மேல் மாங்காய்க் கொத்துகள் தொங்குகின்றன. இவற்றையெல்லாம் விலை கொடுத்து வாங்கும் பொருள்களாகவே இன்று நாம் பார்க்கிறோம். ஆனால் இரண்டு தலைமுறைகளுக்கு முன்புவரை இந்நகரின் எத்தனையோ குடும்பங்களுக்குக் கோடை என்பது கொல்லைப்புறத்தில் நிகழ்ந்த அறுவடைக் காலம். உண்பதும், உப்பிட்டு வைப்பதும், அண்டை வீட்டாருக்கு அனுப்புவதும் ஒரே வேலையின் மூன்று பகுதிகளாக இருந்தன.

அந்த மூன்றில் முதல் இரண்டு ஓரளவு நம்மிடம் எஞ்சியுள்ளன. மூன்றாவது கைநழுவிக்கொண்டிருக்கிறது. அது எப்படி வந்தது, எப்படிக் குறைந்தது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நமக்கு நன்மை தரும்.

தோட்டங்களால் ஆன நகரம்

கோட்டைக்கு வெளியே தெற்கும் மேற்கும் விரிந்த பழைய சென்னை, தோட்ட வீடுகளின் நகரமாகவே வளர்ந்தது. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் பரந்த நிலங்களை வாங்கி, நடுவே ஒரு மாளிகையும் சுற்றிலும் மரங்களுமாக வாழத் தொடங்கினர். இன்றைய டி.டி.கே. சாலை நெடுங்காலம் மௌப்ரேஸ் சாலை என்று அழைக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் ஜார்ஜ் மௌப்ரே என்பவருக்கு இருந்த தோட்ட மாளிகையே அப்பெயருக்குக் காரணம். பிரம்மஞான சபை 1882 ஆம் ஆண்டு அடையாற்றில் குடியேறியபோது வாங்கியதும் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற பெயருடைய 27 ஏக்கர் நிலமே.

இந்தத் தோட்ட நகரின் வரலாற்றில் முஸ்லிம்களின் பங்கு சிறியதன்று. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா தம் இருப்பிடத்தைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டு, 1768 ஆம் ஆண்டளவில் சேப்பாக்கம் அரண்மனையை எழுப்பினார். கூவம் ஆற்றிலிருந்து பைகிராப்ட்ஸ் சாலை வரை நீண்டிருந்த அந்த வளாகம் 117 ஏக்கர் பரப்புடையது என்று கூறுவர். திருவல்லிக்கேணியின் வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795 ஆம் ஆண்டு அந்த வாழ்வின் அருகிலேயே எழுந்தது. அதே நூற்றாண்டில் மைசூர்ப் பக்கம் ஹைதர் அலி பெங்களூரில் லால்பாக் தோட்டத்தைத் தொடங்க, அவருடைய மகன் திப்பு சுல்தான் அதை வளர்த்தார். போர்க்களத்தில் எதிரெதிரே நின்ற அரசுகள் தோட்டம் அமைப்பதில் மட்டும் ஒத்த சிந்தை கொண்டிருந்தன.

1855 ஆம் ஆண்டு நவாப் குலாம் முஹம்மது கௌஸ் கான் வாரிசின்றி மறைந்தார். கம்பெனி அரசு நவாப் பட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. அரண்மனையும் அதைச் சூழ்ந்த நிலமும் 1859 இல் அரசின் கைக்குப் போயின. குடும்பத்தார் பின்னர் 1876 இல் இராயப்பேட்டையின் அமீர் மஹாலில் குடியேறினர். ஒரு தோட்டம் ஒரு தலைமுறைக்குள் கைமாறிப்போவதை நம் சமுதாயம் அப்போதே கண்டது.

பொதுமக்களின் தோட்டக் கலைக்கும் இந்நகரில் நீண்ட வரலாறு உண்டு. 1835 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கம் கதீட்ரல் சாலையில் தன் தோட்டத்தை அமைத்து, விதைகளையும் கன்றுகளையும் நகரத்தாரிடையே பரப்பியது. பின்னாளில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்ததும், 2010 முதல் செம்மொழிப் பூங்கா இருப்பதும் அந்தப் பகுதியில்தான்.

ஏரி ஊராகிய கதை

மயிலாப்பூருக்கு மேற்கே ஒரு காலத்தில் நீண்ட ஏரி இருந்தது. 1920களில் நகரத்தில் வீட்டுமனைத் தேவை பெருகியபோது அந்த ஏரிப் பரப்பு தூர்க்கப்பட்டு மாம்பலம் குடியிருப்புத் திட்டம் உருவானது. அதுவே சர் பிட்டி தியாகராயரின் பெயர் தாங்கிய தியாகராய நகர். நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள், ஒவ்வொரு மனையிலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு, கிணற்றடியில் வாழை, வேலியோரம் முருங்கை, மூலையில் ஒரு மாமரம், இரண்டு தென்னை: இதுதான் அன்றைய நடுத்தரக் குடும்பத்தின் தோட்டம். ஏரியின் ஈரத்தை உண்ட மண் என்பதால் மரங்கள் செழித்தன.

இந்தத் தோட்டங்களில் இன்று எஞ்சியவை சிலவே. மனைகள் பங்கு பிரிந்தன. தனி வீடுகள் அடுக்குமாடிகளாயின. மரம் நின்ற இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன. எஞ்சிய மரங்களில் பலவற்றை 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயல் ஒரே நாளில் சாய்த்தது. ஏரியை மூடிய நகரம் 2019 கோடையில் குடிநீருக்காகக் குடங்களுடன் வரிசையில் நின்றதையும் நாம் கண்டோம்.

பழத்தின் பெயரில் ஒரு பயணம்

நம் கோடைக் கூடையில் உள்ள சொற்களைச் சற்று உற்று நோக்குவோம். இமாம் பசந்த் என்றால் இமாம் விரும்பியது என்று பொருள். ஜஹாங்கீர் மாம்பழம் முகலாயப் பேரரசரின் பெயரைச் சுமக்கிறது. பங்கனபள்ளி என்பது முஸ்லிம் நவாபுகள் ஆண்ட ஒரு சிறு சமஸ்தானம். 1948 இல் அது சென்னை மாகாணத்துடன் இணைந்தது. அதன் மாம்பழத்துக்கு 2017 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நம் நாட்டுப் புளியை அரபு வணிகர்கள் தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை என்று அழைத்தனர். ஐரோப்பிய மொழிகளில் புளிக்கு வழங்கும் பெயர் அதிலிருந்து பிறந்ததே. நம் கடலோர ஊர்களில் ஊறுகாய்க்கு வழங்கும் அச்சார் என்ற சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. சர்பத்தின் வேர் அரபியில் இருக்கிறது.

1304 இல் தஞ்சா நகரில் பிறந்த பயணி இப்னு பதூதா, மதுரை சுல்தானகத்துக்கும் வந்து சென்றவர். மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீனுக்கு அவர் உறவினரும் ஆவார். இந்தியாவைப் பற்றி எழுதும்போது மாமரத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழுப்பதற்கு முன்பே உதிரும் காய்களைத் திரட்டி, தம் நாட்டில் எலுமிச்சையை உப்பிடுவதுபோல் இங்குள்ளோர் உப்பிட்டு ஊறவைக்கின்றனர் என்றும், பச்சை இஞ்சியையும் மிளகுக் கொத்துகளையும் அவ்வாறே செய்து உணவோடு உண்கின்றனர் என்றும் அவர் பதிவு செய்துள்ளார். காற்றில் உதிர்ந்த பிஞ்சையும் வீணாக்காத ஒரு சமையலறையை அவர் கண்டு வியந்திருக்கிறார். இரு நூற்றாண்டுகள் கழித்து முகலாய மன்னர் பாபரும் தம் நினைவுக் குறிப்புகளில் மாங்காயைத் தொடுகறியாகவும் பாகில் இட்டும் பயன்படுத்துவதைக் குறிப்பிட்டார்.

இந்த அக்கறை இந்திய மண்ணோடு நின்றதும் அன்று. 12 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இஷ்பீலியா நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய வேளாண் நூல், மரம் வளர்ப்பதோடு கனிகளைச் சேமித்து வைக்கும் முறைகளையும் விரிவாகப் பேசுகிறது. விளைவித்தலும் காத்தலும் ஒரே அறிவின் இரு கைகள் என்று நம் முன்னோர் கருதினர்.

ஜாடிக்குள் அடங்கும் கோடை

நம் வீட்டு உம்மாமாரும் நன்னிமாரும் அந்த அறிவை ஏட்டில் படிக்கவில்லை; கையால் கற்றார்கள். காம்பு ஒடியாத வடுக்களைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, கல்லுப்பும் மிளகாய்ப் பொடியும் கடுகுப் பொடியும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் இடுவார்கள். நாள்தோறும் ஜாடியைக் குலுக்க, உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுக்கும். அந்த உப்புநீரிலேயே வடு சுருங்கி ஊறும். உப்பும் புளிப்பும் சேர்ந்த இடத்தில் காயைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருக முடியாது. வெட்டிய மாங்காய்க்கு மேலே ஊற்றும் நல்லெண்ணெய் காற்றைத் தடுத்து நிறுத்தும். ஈரக் கரண்டியை ஜாடிக்குள் விடாதே என்று குழந்தைகளை அவர்கள் அதட்டியதன் காரணமும் இதுவே: ஒரு துளி நீர் புகுந்தாலும் அந்த இடத்தில் உப்பின் செறிவு குறைந்து பூஞ்சணம் பிடிக்கும்.

முற்றிய காய்களைக் கீறி, உப்பிட்டு, மொட்டைமாடியின் கத்திரி வெயிலில் உலர்த்தினால் மாங்காய் வற்றல். ஐப்பசி மழையில் காய்கறி கிடைக்காத நாளில் அது தால்சாவிலும் மீன் குழம்பிலும் கோடையைத் திரும்ப அழைத்து வரும். புளியை ஓடும் கொட்டையும் நீக்கி, உப்புக் கலந்து உருட்டிப் பானையில் அடுக்கினால் ஆண்டு முழுவதற்கும் போதும். வீட்டுக் கூரைமேல் அடிக்கும் அதே வெயில், அடுப்பெரிக்கும் செலவின்றி இவ்வளவையும் செய்து கொடுத்தது.

சேமித்து வைப்பதை நம் மார்க்கம் மறுக்கவில்லை. வரவிருக்கும் பஞ்சத்தை முன்னிட்டு, உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக மீதித் தானியத்தைக் கதிரிலேயே விட்டுவைக்குமாறு யூசுஃப் (அலை) அவர்கள் கூறிய அறிவுரையை அருள்மறை நமக்கு எடுத்துரைக்கிறது. ஆயினும் அந்தச் சேமிப்பு ஒரு நாட்டு மக்களின் பசியைப் போக்குவதற்காகவே இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கனிந்த நாளில் கடன்

அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141 ஆவது வசனம் தோட்டங்களைப் படைத்தவனை நினைவூட்டிவிட்டு, மூன்று செய்திகளை வரிசையாக வைக்கிறது. கனி தரும்போது உண்ண வேண்டும். அறுவடை நாளிலேயே அதற்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும். வீண்விரயம் செய்யலாகாது. முதலில் வருவது உண்ணுதல். இறைவன் தந்ததை மகிழ்ந்து சுவைப்பதும் நன்றியே. வணிக விளைச்சலின் மீதான உஷர் பற்றிய சட்ட நுட்பங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடுகள் உண்டு. அவற்றை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நலம். கொல்லைப்புறத்து ஒற்றை மரம் அந்தக் கணக்கில் வராமல் போகலாம். ஆனாலும் அறுவடை நாளன்றே பிறர்க்குரியதைப் பிரித்துவிடும் பண்பு அந்த ஒற்றை மரத்துக்கும் பொருந்தும்.

மதீனத்து மக்கள் பருவத்தின் முதல் கனியை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவார்கள். நபியவர்கள் அக்கனிக்கும் அவ்வூருக்கும் பரக்கத் வேண்டிப் பிரார்த்தித்துவிட்டு, அங்கிருக்கும் மிகச்சிறிய குழந்தையை அழைத்து அதன் கையில் கொடுத்துவிடுவார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. தம் வீட்டுக்கும் உறவுக்கும் முன்னால் சபையின் மிகச்சிறியவருக்கு முதல் பங்கு! ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பதெல்லாம் நட்டவருக்கு ஸதகாவாக எழுதப்படும் என்பதும் நபிமொழி. அணில் கடித்த மாம்பழத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் நாம் இதை நினைவில் வைக்கலாம்.

மயிலாப்பூர் போன்ற பல சமயத்தார் அருகருகே வாழும் ஊரில் இந்தப் பண்பு தெருவையே ஓர் உறவாக்கியது. காய்த்த வீட்டிலிருந்து காய்க்காத வீட்டுக்குத் தட்டு போகும். சில நாட்களில் அதே தட்டு வேறொன்றால் நிறைந்து திரும்பி வரும். வெறுந்தட்டைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது அனைவருக்கும் பொதுவான மரியாதை. மரங்கள் போனபோது நாம் இழந்தது நிழலை மட்டும் அன்று. அந்தத் தட்டின் போக்குவரத்தையும்தான். அடுக்குமாடியில் எதிர்வீட்டுக் கதவு பத்தடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் அதைத் தட்டுவதற்கு நம்மிடம் காரணம் இல்லாமல் போய்விட்டது.

மீண்டும் ஒரு கன்று

அரண்மனைத் தோட்டங்களை நாம் மீட்க இயலாது. மூடிய ஏரியும் திரும்பாது. எனினும் மொட்டைமாடித் தொட்டியில் எலுமிச்சையும், பையில் மிளகாயும் கத்திரியும் புதினாவும் காய்க்கும். சிறிது மண் உள்ள வீட்டில் முருங்கைக் கொம்பு ஒன்று ஊன்றினாலே போதும். 2003 முதல் தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பைப் பெயரளவில் விடாமல் பழுது பார்த்து வைத்தால் கிணறு உயிர் பெறும். பள்ளிவாசல் வளாகங்களில் உளூச் செய்த நீரை மரங்களின் வேருக்குத் திருப்பிவிடுவது கடினமன்று. விளைந்தது ஒரு கைப்பிடியே ஆனாலும் அதில் ஒரு பங்கை முதல் நாளே எதிர்வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். ஊறுகாய் போடும் அன்று ஒரு சிறு புட்டியைத் தனியே எடுத்து வைப்போம். குழந்தைகளையே அனுப்புவோம், கொடுக்கும் கை அவர்களுடையதாக இருக்கட்டும்.

2017, 2018, 2019 ஆம் ஆண்டுகளின் ரமளான் கத்திரி வெயிலோடு சேர்ந்து வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நோன்புக் கஞ்சிக்கு அருகே மாங்காய்த் துண்டு இருந்த நாட்கள் அவை. பிறை ஆண்டின் கணக்குப்படி ரமளான் சுற்றிவந்து மீண்டும் கோடையைத் தொடுவது 2049, 2050 ஆம் ஆண்டுகளில். இன்று நடும் ஒட்டுமாங்கன்று நான்கைந்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். அந்த ரமளான் வரும்போது அது தெருவுக்கே நிழல் தரும் மரமாக நிற்கும். அதன் முதல் கனியை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதை இன்றைய நம் குழந்தைகள் அன்றைக்கு அறிந்திருக்க வேண்டும். அதை இப்போதே கற்றுக்கொடுப்பது நம் பொறுப்பு.

வல்ல அல்லாஹ் நம் விளைச்சலிலும் நம் ஊரிலும் பரக்கத் செய்வானாக. பகிர்ந்து உண்ணும் உள்ளத்தை நம் சந்ததியினருக்கு நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.